சந்தி சிரிக்கும் ஊர்கள்

வெள்ளி, கன்னியாகுமரி

ஒருவருடைய மானம் தெருவுக்கு வந்துவிட்டால் 'சந்தி சிரிக்கிறது' என்கிறோம். இலக்கணத்திலும் ஒரு சந்தி உண்டு. இரண்டு சொற்கள் கூடும் அந்த முக்கில் ஓர் ஒற்று மிகுந்தாலும் குறைந்தாலும் பொருள் தடம்புரண்டு, எழுதியவர் அறியாமலே படிப்பவர் சிரித்துவிடுகிறார். இந்த இரண்டு சந்திகளையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம் என்று எண்ணித்தான் குமரி மாவட்டத்துக்குப் புறப்பட்டேன். இந்த மாவட்டமே ஒரு புணர்ச்சியில் பிறந்தது என்பது கூடுதல் காரணம். திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தன. சொற்கள் சேரும்போது தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று விகாரங்கள் நேரும் என்றும், எதுவும் நேராமல் இயல்பாகச் சேர்வதும் உண்டு என்றும் இலக்கணம் சொல்கிறது. மாவட்ட இணைப்பில் இவற்றுள் எது நேர்ந்தது என்பதை அரசியல் அறிந்தவர்களுக்கு விட்டுவிட்டு, பேச்சிலும் பெயர்ப்பலகைகளிலும் நேர்ந்ததை மட்டும் பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறேன்.

ஊரின் பெயரிலேயே முதல் வேடிக்கை இருக்கிறது. கன்னியா என்றாலும் மணமாகாத பெண்தான். குமரி என்றாலும் அவளேதான். ஒரே பொருளை இரண்டு சொற்களால் சொல்வதைக் குற்றமாகக் கொள்ள வேண்டியதில்லை, சிறப்பாகச் சொல்லும்போது 'ஒருபொருட்பன்மொழி' என்று ஏற்றுக்கொள்ளலாம் என நன்னூல் பெருந்தன்மையோடு இடம் கொடுக்கிறது. 'மீமிசை' என்பதும் 'உயர்ந்தோங்கிய' என்பதும் அந்தப் பெருந்தன்மையில் வாழ்பவை. படகுத்துறைக்கு வழி கேட்டபோது தேநீர்க் கடைக்காரர், "நடுசென்டர்ல போய் நின்னா கேட்டுக்கதவு தெரியும்" என்றார். ஊர்ப்பெயருக்கு உள்ள உரிமை அவருக்கு மட்டும் ஏன் இருக்கக்கூடாது என்று எண்ணிக்கொண்டு நடந்தேன்.

கடலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அலுவலக நண்பர் தொலைபேசியில் அழைத்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். விடுப்பிலும் வேலையா என்று அவர் நெகிழ்ந்துபோனார். பழந்தமிழில் வேலை என்றால் கடல் என்பதை விளக்கி அந்த நெகிழ்ச்சியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. படகுச் சீட்டு கொடுக்கும் இடத்தில் 'வேலை நேரம்' என்று எழுதியிருந்ததையும் அந்தப் பொருளிலேயே படித்தேன். பலகை எழுதியவருக்குக் கம்பர் காலத்துக் காது இருந்திருக்கிறது.

வள்ளுவர் சிலையில் எண்களே ஒரு சொல்விளையாட்டு ஆடுகின்றன. 133 அதிகாரங்களுக்கு 133 அடி. அதில் அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்குப் பீடம் 38 அடி. பொருளுக்கும் இன்பத்துக்குமாகச் சிலை 95 அடி. 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட இந்தச் சிலைக்குப் போகும் வரிசையில் பைகளைச் சோதித்துப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். சிலையாக நிற்பவரோ நூலின் இரண்டாம் அதிகாரத்திலேயே துப்பாக்கியை வைத்திருக்கிறார்! 'துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி' என்ற குறளில் துப்பு என்பது உணவு; உண்பவர்க்கு நல்ல உணவுகளை விளைவித்து, தானும் உணவாகும் மழையைப் பற்றிய குறள் அது. 'துப்பு ஆக்கி' என்று பிரித்து எழுதியிருந்தால் இந்தச் சிரிப்பு யாருக்கும் வந்திராது. மழையைத் துப்பாக்கியாக்கியது புணர்ச்சி மட்டுமே.

சனி, சுசீந்திரம்

இன்று முழுவதும் ஒரே கோயிலில் கழிந்தது. கோபுரத்தையும் இசைத் தூண்களையும் எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் பெயர்களைப் பற்றி எழுதுகிறேன்.

இந்திரன் தன் பாவம் நீங்கித் தூய்மை பெற்ற இடம் என்பது தலபுராணம். தூய்மைக்கு வடமொழியில் சுசி. சுசியும் இந்திரனும் சேரும்போது இரண்டு இகரங்கள் இணைந்து ஓர் ஈகாரம் ஆகிச் சுசீந்திரம் பிறக்கிறது. இது வடமொழிச் சந்தி. தமிழ் முறைப்படி சேர்த்திருந்தால் நடுவில் யகர உடம்படுமெய் வந்து 'சுசியிந்திரம்' என்று ஆகியிருக்கும். நடத்துநர் அதை ஒரு மூச்சில் கூவ முடியாது. ஊர்ப்பெயரில் வடமொழிச் சந்தி இருக்க, உள்ளே வீற்றிருக்கும் இறைவன் பெயர் தமிழ்ச் சந்தியால் ஆகியிருக்கிறது. தாணு என்ற சிவனும், மால் என்ற திருமாலும், அயன் என்ற நான்முகனும் சேர்ந்து தாணுமாலயன். மால் என்பதன் இறுதி லகரத்தின்மேல் அயனின் அகரம் ஏறி அமர்ந்துகொள்கிறது. உடல்மேல் உயிர் வந்து ஒன்றுவது இயல்பு என்று நன்னூல் சொல்வது இங்கே இறையியலாகவும் ஆகிவிடுகிறது.

வேடிக்கை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 'தாணுவும் மாலும் அயனும்' என்பதில் உள்ள 'உம்'கள் மறைந்து நிற்பதால் இது உம்மைத்தொகை. உயர்திணையில் உம்மைத்தொகை வந்தால் அது பலர்பால் ஈற்றோடு முடிய வேண்டும் என்பது நன்னூல் விதி. சேரன், சோழன், பாண்டியன் மூவரும் சேர்ந்தால் சேரசோழபாண்டியர் ஆவார்களே தவிர, சேரசோழபாண்டியன் ஆக மாட்டார்கள். அந்தக் கணக்கில் இங்கே இருப்பவர்கள் தாணுமாலயர். ஆனால் கருவறையில் இருப்பது ஒரே இலிங்கம். மூவரும் அதில் ஒருவர். ஆகவே ஊர் 'ன்' என்று முடித்துவிட்டது. விதியைச் சொல்லி யாராவது வாதாடினால், பன்மை என்று பார்ப்பதுதான் மாயை என்று அர்ச்சகர் ஒரே சொல்லில் வாயடைத்துவிடுவார் என்று தோன்றுகிறது. இலக்கணக் குற்றம் ஒன்று தத்துவமாக உயர்ந்ததை வேறு எங்கும் நான் கண்டதில்லை.

வெளியே தெப்பக்குளத்தின் அருகே பூ விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி இதற்கு நேர்மாறான இலக்கணத்தை வைத்திருந்தார். "மக்களே, ஒத்தையிலயா வந்த?" என்று கேட்டார். என்னோடு வேறு யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. தம்மைவிட இளையவரை, அவர் ஒருவரே ஆனாலும், 'மக்களே' என்று பன்மையில் விளிப்பது இந்த வட்டாரத்து அன்பு. பெயர் பன்மையில் இருக்க, வினை 'வந்த' என்று ஒருமையில் நிற்க, நடுவில் 'ஒத்தையிலயா' என்ற சொல் இரண்டையும் பார்த்துச் சிரிப்பது போல் இருந்தது. பள்ளித் தேர்வில் எழுதினால் ஒருமை பன்மை மயக்கம் என்று சிவப்பு மை விழும். மதிலுக்கு உள்ளே மூவருக்கு ஒருமை; மதிலுக்கு வெளியே ஒருவனுக்குப் பன்மை. கணக்கு எப்படியோ நேராகிவிட்டது. பூவை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிறு, நாகர்கோவில்

கோ என்பதும் இல் என்பதும் சேர்ந்தால் கோவில் என்பதே விதி. ஓகாரத்தின் பின் வகரம்தான் உடம்படுமெய்யாக வர வேண்டும். ஆனால் புலவர்கள் நெடுங்காலமாகக் கோயில் என்றே எழுதி வந்திருக்கிறார்கள். இந்த நகரம் தன் பெயரில் விதியின் பக்கம் நிற்கிறது. தக்கலை அருகே உள்ள முருகன் தலத்தைப் பலர் குமாரகோயில் என்று வழக்கின் பக்கம் நின்று எழுதுகிறார்கள். இரண்டுக்கும் இடையே பேருந்தில் போய்வருபவர் யகரத்துக்கும் வகரத்துக்கும் இடையே போய்வருகிறார்.

வேப்பமூடு என்ற சந்திப்பில் இறங்கினேன். மூடு என்றால் இங்கே மரத்தின் அடி. வெளியூர்க்காரர் காதில் அது ஏவல்வினையாக விழுகிறது என்பதால், நடத்துநர் "வேப்ப மூடு, வேப்ப மூடு" என்று கூவியபோது பக்கத்து இருக்கைச் சிறுவன் அவசரமாகச் சன்னலை மூடினான். மழை வருகிறதாக்கும் என்று நினைத்திருப்பான்.

அங்கிருந்து சிறிது தூரத்தில் 'பழங்கடை' என்று ஒரு பலகையைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். பழம் விற்கும் கடை பழக்கடைதான். மகரம் கெட்டு ககரம் மிக வேண்டும். பழங்கடை என்றால் பழங்கஞ்சி, பழங்கதை போலப் பழைய கடை என்று பொருள். இதை மெதுவாகக் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் தலைக்கு மேல் தொங்கிய குலைகளை ஒருமுறை பார்த்துவிட்டு, "எழுதுனது சரிதான் சார். எனக்க அப்பாக்க காலத்துக் கட" என்றார். என் இலக்கணம் அங்கே வாயைப் பொத்திக்கொண்டது. அவருடைய விடையில் இன்னொரு நுட்பமும் இருந்தது. 'என்னுடைய' என்ற இடத்தில் 'எனக்க' என்றும், 'அப்பாவுடைய' என்ற இடத்தில் 'அப்பாக்க' என்றும் சொல்கிறார்கள். கொடைப்பொருளில் வரும் நான்காம் வேற்றுமை, உடைமைப்பொருளில் வரும் ஆறாம் வேற்றுமையின் வேலையையும் சேர்த்துப் பார்ப்பது போல் காதில் விழுகிறது. கொடுத்தால்தானே உடைமை ஆகும், இதில் என்ன பிழை?

கடையில் செந்துளுவன், ஏத்தன், மட்டி என்று குலைகள் தொங்கின. மட்டி என்பது விரல் நீளமே உள்ள, நல்ல மணமுள்ள வாழைப்பழம். 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. தமிழில் அறிவில்லாதவனுக்கும் மட்டி என்று பெயர். கடலில் கிடைக்கும் ஒரு சிப்பிக்கும் அதுவே பெயர். "மட்டி உண்டா?" என்று கேட்டேன். "நல்ல மட்டியா பாத்து எடுத்துக்கிடுங்க" என்றார். நல்ல மட்டி என்ற தொடரில் பெயரும் அடையும் சண்டை போட்டுக்கொண்டிருப்பதை அவர் பொருட்படுத்தவில்லை. பழம் மிக நன்றாக இருந்தது.

பேருந்து நிலையம் ஒன்றில் 'குடிநீர்' என்று எழுதிய தொட்டியின் குழாயைத் திருகியபோது காற்று மட்டும் வந்தது. குடிநீர் வினைத்தொகை, குடித்த நீர், குடிக்கின்ற நீர், குடிக்கும் நீர் என்று முக்காலமும் அதற்குள் அடங்கும். தொட்டி இறந்தகாலத்தைத் தேர்ந்துகொண்டிருக்கிறது என்பதால் எழுத்தில் பிழை ஏதும் இல்லை. மாலையில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் பிறந்த ஒழுகினசேரிக்குப் போனேன். அந்தப் பெயரில் காலம் மறையாமல் வெளிப்பட்டு நிற்கிறது. பழையாறு அருகே இன்றும் ஒழுகிக்கொண்டிருக்க, பெயர் மட்டும் ஒழுகி முடித்துவிட்டது.

திங்கள், நாஞ்சில் நாட்டு வயல்கள்

நாஞ்சில் என்றால் கலப்பை. கோட்டை மதிலின் ஓர் உறுப்புக்கும் அது பெயர். நெல்லும் போரும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும் நாடு இது. பேருந்தில் அருகே அமர்ந்திருந்த பெரியவர் சன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, "முன்னால எங்களுக்கு இங்க ரெண்டு கோட்டை உண்டு" என்றார். உதயகிரிக் கோட்டையும் வட்டக்கோட்டையும் உள்ள மாவட்டம் ஆகையால், அரச குலத்தவரோ என்று ஒரு கணம் மரியாதையாக ஒதுங்கி உட்கார்ந்தேன். அவர் சொன்னது இரண்டு கோட்டை விதைப்பாடு, அதாவது இரண்டு கோட்டை நெல் விதைக்கக்கூடிய வயல். நெல்லைக் கோட்டையால் அளந்து, நிலத்தை நெல்லால் அளந்த வழக்கு இது.

காளமேகப் புலவர் வைக்கோலையும் யானையையும் சேர்த்துப் பாடிய சிலேடை வெண்பா நினைவுக்கு வர, அதைப் பெரியவரிடம் சொன்னேன். 'வாரிக் களத்தடிக்கும் வந்துபின்பு கோட்டைபுகும் போரிற் சிறந்து பொலிவாகும்' என்பது அதன் தொடக்கம். நெற்கதிரை வாரிக் களத்தில் அடிப்பார்கள். யானையோ பகைவரை வாரிப் போர்க்களத்தில் அடிக்கும். நெல் கோட்டையாகக் கட்டப்படும். யானை கோட்டைக்குள் நுழையும். வைக்கோல், போராகக் குவிந்து பொலியும். யானை, போரில் சிறந்து விளங்கும். பாடல் எழுந்தது இங்கிருந்து வெகு தொலைவில் இருந்த திருமலைராயன் ஆட்சியில்தான். என்றாலும் அதற்கு உரை சொல்ல நாஞ்சில் நாட்டு வயல்காரரைவிடத் தகுதியானவர் யாரும் இருக்க முடியாது. அவர் கேட்டு முடித்து, "ஆனைக்குத் தீனியும் வைக்கோல்தானே" என்று மூன்றாவது பொருள் ஒன்றையும் சேர்த்தார். காளமேகம் அதை விட்டுவிட்டாரே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

யானையும் நெல்லும் இந்த மண்ணில் அதற்கு வெகுகாலம் முன்பே இடம் மாறியிருக்கின்றன. புறநானூற்றில் நாஞ்சில் வள்ளுவன் என்ற தலைவனை ஔவையார் பாடுகிறார். அவனைப் 'பலாமரங்கள் நிறைந்த நாஞ்சிலின் தலைவன்' என்று சொல்லிவிட்டு, அடுத்து 'மடவன்', அதாவது அறிவில்லாதவன் என்கிறார். காரணம் இதுதான்: தோட்டத்தில் பறித்த கீரையோடு சேர்த்துச் சமைக்கச் சிறிது அரிசி கேட்டோம், அவனோ தன் தகுதியை எண்ணிப் பார்த்து, குன்று போன்ற யானை ஒன்றைக் கொடுத்துவிட்டான், இப்படியும் ஒரு தெளிவில்லாத கொடை உண்டா என்று புலவர்களிடம் முறையிடுகிறார். பழிப்பது போலப் புகழும் இந்தக் குறும்புக்குள் ஓசைக் குறும்பு ஒன்றும் இருக்கிறது. 'யாம் சில அரிசி வேண்டினெமாகத் தான் பிற வரிசை அறிதலின்' என்பன பாடலின் சொற்கள். அவர் அரிசி கேட்டார். அவன் வரிசை, அதாவது தகுதி அறிந்து கொடுத்தான். முன்னால் ஒரு வகரம் ஒட்டிக்கொண்டதில் ஒரு கைப்பிடித் தானியம் களிறாகிவிட்டது. கீரைச் சட்டியோடு காத்திருந்த, ஆடல்மகளிரான விறலியர் அன்று இரவு என்ன உண்டார்கள் என்பதைப் பாடல் சொல்லவில்லை.

ஔவையார் சொன்ன பலா இன்றும் இங்கே மிகுதி. ஆனால் அதைச் சக்கை என்பார்கள். மற்ற ஊர்களில் சாறு பிழிந்து எறிந்தது சக்கை என்பதால், "சக்கை தின்னுதீளா?" என்று அன்போடு கேட்கும் வீட்டில் வெளியூர் விருந்தினர் முகம் வாடுவதுண்டு. தட்டு வந்ததும் வாட்டம் தீர்ந்துவிடும்.

செவ்வாய், குமாரகோயில்

வேளிமலை அடிவாரத்துக் கோயிலில், கையில் விண்ணப்பத் தாளோடு நின்ற இளைஞர் ஒருவர், "முருகா, வேலை கொடு" என்று சற்று உரக்கவே வேண்டினார். 'வேலை கொடு' என்றால் பணி. ஒற்று மிகுந்து 'வேலைக் கொடு' என்றால் முருகன் கையில் இருக்கும் ஆயுதம். நல்ல வேளையாக அவர் க் போடவில்லை. உறவினர் வீட்டு உணவை முடித்துக்கொண்டு பிற்பகல் முழுவதும் உறங்கினேன்.

புதன், அதங்கோடு

காலையில் சிதறால் மலைக்குப் போய்ச் சமணச் சிற்பங்களைக் கண்டேன். நன்னூல் செய்த பவணந்தி சமண முனிவர் என்பதால் ஒரு வணக்கம் செலுத்த வேண்டியிருந்தது. ஊர்ப்பெயரின் லகரத்தை ளகரமாக மாற்றி எழுதினால் 'சிதறாள்', அதாவது அவள் சிதறமாட்டாள் என்று ஆகிவிடும். ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டியும் பாறையில் சிதறாமல் நிற்கும் அம்பிகையின் உருவத்தைப் பார்த்தபோது அந்தப் பிழையை ஒருவர் செய்தாலும் மன்னிக்கலாம் என்று தோன்றியது.

அங்கிருந்து விளவங்கோடு வட்டத்து அதங்கோட்டுக்கு வந்தேன். 'வடவேங்கடம் தென்குமரி' என்று தொடங்கும் தொல்காப்பியப் பாயிரம், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அந்த நூலைக் கேட்டுச் சோதித்தவர் அதங்கோட்டாசான் என்கிறது. 'அரில்தபத் தெரிந்து' என்பது பாயிரத்தின் சொல். சிக்கலும் குற்றமும் இல்லாதபடி ஆராய்ந்து என்று பொருள். நச்சினார்க்கினியர் இதற்குச் சொல்லும் கதை சுவையானது. தொல்காப்பியன் செய்த நூலைக் கேட்காதே என்று அகத்தியர் ஆசானிடம் சொல்லியிருந்தார். கேட்டே ஆக வேண்டும் என்று தொல்காப்பியரோ பலமுறை வந்து வேண்டினார். ஆசான் இருவர் மனமும் நோகாத வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்: நூலைக் கேட்பது, ஆனால் கேட்கக் கேட்கக் குற்றம் சொல்வது. தொல்காப்பியர் எல்லாக் கேள்விக்கும் விடை சொல்லிவிட்டார். கையெழுத்துப்படியை வேண்டா வெறுப்பாக வாங்கிக் குறை தேடும் மெய்ப்புத் திருத்துநர்களுக்கு இவரைத்தான் குலமுதல்வராகக் கொள்ள வேண்டும்.

அதங்கோடு என்பதோடு ஆசான் சேரும்போது டகரம் இரட்டித்து அதங்கோட்டு ஆசான் ஆக வேண்டும். பேருந்தில் ஒருவர் 'அதங்கோடு ஆசான்' என்று இரட்டிக்காமல் சொன்னார். ஆசானிடம் அவர் நூல் ஏதும் கொண்டுபோயிருந்தால் அட்டையிலேயே அகப்பட்டிருப்பார்.

இறங்கிய இடத்துச் சாயாக் கடையில், பாயிரம் சொல்லும் ஊர் இதுதானா என்று கேட்டேன். கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே, "ஆசானுக்க ஊராக்கும் இது" என்றார். 'ஆக்கும்' என்ற சொல் மற்ற மாவட்டங்களில் ஐயத்துக்கு உரியது. 'வருவாராக்கும்' என்றால் வந்தாலும் வரலாம் என்பதும், 'பெரிய டாக்டராக்கும்' என்றால் அவர் மருத்துவத்தில் நமக்கு நம்பிக்கை இல்லை என்பதும் பொருள். குமரிப் பேச்சில் அதே சொல் அடித்துச் சொல்லும் உறுதிக்கு உரியது. 'நான் மார்த்தாண்டத்துக்காரனாக்கும்' என்பவர் தன்னைப் பற்றி ஐயப்படவில்லை. பாயிரத்தின் அதங்கோடும் இந்த அதங்கோடும் ஒன்று என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி என்பதால், எந்த மாவட்டத்து 'ஆக்கும்' என்று கேட்டுத் தெளிவது அவசியம் என்று பட்டது. உறுதியாகச் சொல்கிறீர்களா என்று கேட்டேன். அவர் சாயாவை என் முன்னால் வைத்துவிட்டு, "பின்ன? ஊருக்கே தெரியுமாக்கும்" என்றார்.